ஒத்திகைக் கவளம்

காரியாபட்டி தாண்டும்வரை அது ஏசிக் காற்றின் வேலை என்றுதான் தனுஷ்கோடி நினைத்துக்கொண்டிருந்தான். காற்று நேராக வந்து இடது தோளில் அடிக்கிறது, தோள் விறைத்துக்கொள்கிறது, இதில் என்ன அதிசயம். காற்று வருகிற துவாரத்தின் தடுப்பை விரலால் கீழே தள்ளிவிட்டான். காற்று முழங்காலுக்குப் போய்விட்டது. தோள் அப்படியேதான் இருந்தது. வலி என்றுகூடச் சொல்ல முடியாது, பின்னால் யாரோ நின்று தோளில் கையை வைத்து, கொஞ்சம் நில்லப்பா என்று சொல்கிற மாதிரி ஓர் அழுத்தம். சீட் பெல்ட்டாக இருக்கும். பெல்ட் அந்தத் தோள் வழியாகத்தானே வருகிறது. இரண்டு விரலால் பெல்ட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே கல்குறிச்சி வரை வந்தான். பெல்ட்டும் இல்லை. அப்படியானால் தலையணை. அப்படியானால் ஒருக்களித்துப் படுத்த படுக்கை. ஒரு மனிதனுக்குத் தோள் வலிக்க உலகத்தில் நூறு காரணம் இருக்கிறது. அதில் தொண்ணூற்றொன்பதை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தான். கூப்பிடாத ஒன்று மட்டும் கூப்பிடாமலே வந்து உள்ளே உட்கார்ந்திருந்தது. வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தவள் அவன் மனைவி தமயந்தி. ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை மேய்க்கிற அதே கண்டிப்போடு முன்னால் போகிற லாரிகளையும் மேய்த்துக்கொண்டு போனாள். ஒரு மாதத்துக்கு அவன் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. வேறு என்னென்ன தொடக் கூடாது என்பதற்கு ஒரு பட்டியலே உண்டு, அது வீட்டில் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது.

"ஏன் இப்படிக் கூனிக்கிட்டு உக்காந்திருக்கீங்க? குளுருதா?"

"இல்லையே."

"எனக்கு வேர்த்து ஊத்துது. உங்களுக்குக் கை மயிரெல்லாம் குத்திட்டு நிக்குது."

"ரோட்டப் பாரு தமா."

பதின்மூன்று நாள். இன்றைக்குப் பதின்மூன்றாவது நாள். அதற்கு முன்னால் அவன் நூற்று நாற்பத்தெட்டுக் கிலோ. வீட்டிலிருந்த எடை மெஷின் நூற்றிருபதோடு கையை விரித்துவிட்டது. அவனோ மதுரை ரிங் ரோட்டில் லாரி எடைமேடை நடத்துகிறவன். மணல் லாரி, வைக்கோல் லாரி எல்லாம் அவன் மேடையில் ஏறித்தான் தன் கனத்தைத் தெரிந்துகொண்டு போகும். ஆளில்லாத ஒரு மத்தியானம் அவனே ஏறி நின்று பார்த்தான். அது பத்துப் பத்தாகத்தான் காட்டும். நூற்றைம்பது என்றது. இறங்கி, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மறுபடி ஏறினான். நூற்றைம்பது. ஆஸ்பத்திரியில் இரண்டு கிலோ குறைத்துச் சொன்னபோது அவனுக்கு ஓர் அற்பச் சந்தோஷம்கூட வந்தது. சர்க்கரை கண்ணுக்குப் போய்விட்டது, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது, இப்படியே விட்டால் ஐம்பதைப் பார்க்க மாட்டீர்கள் என்று டாக்டர் சொன்னார். பானை மாதிரி இருக்கிற இரைப்பையில் முக்கால்வாசியை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை வாழைப்பழ அளவுக்குக் குழாயாகத் தைத்துவிடுவது. வயிற்றில் ஐந்து துளை, அவ்வளவுதான் வெளியே தெரியும். காரில் உட்கார்ந்து போகலாம், மணிக்கொரு தரம் இறங்கி நடக்கணும் என்று இந்தப் பயணத்துக்கும் அனுமதி கொடுத்தார். ஆனால் வீட்டுக்கு அனுப்புகிற அன்றைக்கே தமயந்தியை வைத்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னார். ரெண்டு வாரம் வடிகட்டின தண்ணி ஆகாரம் மட்டும், பிறகு மசிச்சது, ஒரு மாசத்துக்குச் சோற்றை நினைச்சுக்கூடப் பார்க்கக் கூடாது, தையல் இறுகுறவரை அது ஈரச் சுவர். காய்ச்சல் அடிச்சாலோ, நாடி நூற்றிருபதைத் தாண்டினாலோ, இடது தோள் வலிச்சாலோ, யோசிக்காமல் கிளம்பி வந்துரணும். தோளா என்று தமயந்தி கேட்டாள். "வயித்துக்குள்ள கசிஞ்சா தோள்லதாம்மா தெரியும். உடம்போட விசித்திரம் அது." அந்த விசித்திரம் இப்போது அவன் தோளில் கையை வைத்துக்கொண்டு, அருப்புக்கோட்டைச் சாலையில், அவனோடு ஜன்னலுக்கு வெளியே சீமைக்கருவேலங் காட்டைப் பார்த்துக்கொண்டு வருகிறது. இல்லை. பெல்ட்தான். பெல்ட்டை அவன் இன்னும் தூக்கித்தான் பிடித்திருந்தான்.

வராமல் இருந்திருக்கலாமே என்றால், அது முடியாது. அவனுக்காக ஒரு பிள்ளை ஆறு வருஷமாகக் காது குத்தாமல் காத்திருக்கிறது. தங்கை பேச்சியம்மாளின் மகள் இலக்கியா. அவர்கள் பக்கத்தில் ஒரு வயசில், மிஞ்சினால் மூன்று வயசில், குலதெய்வக் கோயிலில் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் குத்திவிடுவார்கள். மாமன் வராவிட்டால் ஒன்றுவிட்டவன், ரெண்டுவிட்டவன் என்று எவன் மடியையாவது பிடித்து ஒப்பேற்றுகிற வீடுகளும் உண்டு. பேச்சி ஒப்பேற்றவில்லை. எங்கண்ணன் வந்து மடி குடுத்தாத்தான் எம்பிள்ளைக்குக் கம்மல், இல்லாட்டி மூளிக்காதோடயே கெடக்கட்டும் என்று சொல்லிவிட்டாள். சொன்னாள் என்று வேறு யாரோ வந்து சொன்னார்கள், ஏனென்றால் அண்ணனும் தங்கையும் பேசி எட்டு வருஷம். எட்டு வருஷத்துக்கு முன்னால், மூத்த பையனின் காதுகுத்து, அதே அய்யனார் கோயில். பிள்ளையை அவன் மடியில் வைக்க வைக்க அது வழுக்கிக்கொண்டே போனது. பேச்சியின் புருஷன் குருவையா தங்கமான மனுஷன், ஆனால் நாலு பேர் கூடிவிட்டால் நாக்கு அவன் பேச்சைக் கேட்காது. மச்சானுக்கு மடி எங்கய்யா இருக்கு, முட்டி வரைக்கும் வகுறுதான் என்றான். பந்தல் மொத்தமும் சிரித்தது. தனுஷ்கோடியும் சிரித்தான். குண்டாக இருக்கிறவன் முதல் ஆளாகச் சிரித்துவிட வேண்டும், அது சின்ன வயசிலேயே அவன் கற்றுக்கொண்ட பாடம். ஆனால் பந்தியில் இரண்டாம் தரம் சோறு கேட்டபோது, மச்சான் எலைக்குக் கரண்டி பத்தாது, அண்டாவைக் கொண்டாங்கப்பா என்று குருவையா கத்தினான். அப்போதுதான் அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. பாதி இலையில் எழுந்தான். இனி உன் வாசலில் கை நனைச்சா நான் எங்கப்பனுக்குப் பொறக்கல என்றான். அந்தப் பக்கத்தில் அரிவாளால் வெட்டியவனைக்கூட அடுத்த பொங்கலுக்குள் மன்னித்துவிடுவார்கள். பாதிப் பந்தியில் எழுந்தவனை மன்னிக்க மாட்டார்கள், எழுந்தவனும் தானாகத் திரும்பி வர முடியாது. அந்த இலையை மூடி எடுத்துப் போனவள் பேச்சிதான், அழுதுகொண்டே எடுத்துப் போனாள் என்று பிறகு தெரிந்தது.

குருவையா வந்தான். ஆப்பரேஷன் ஆன ஐந்தாம் நாள், வெற்றிலை பாக்குத் தட்டோடு, தனியாக. தனுஷ்கோடி கழுத்துவரை போர்த்திக்கொண்டு, வைரல் காய்ச்சல் மாப்ள என்று சொல்லிவிட்டான். ஆப்பரேஷன் என்று தெரிந்தால் அது ஊர் முழுக்கப் பந்தி பந்தியாகப் பரிமாறப்படும். வகுத்த அறுத்தப்பெறகுதான்யா மச்சான் அடங்குனாரு என்பார்கள். கேட்கவே வேண்டாம், அவனுக்கே சொல்லத் தெரிந்திருந்தது. குருவையா தட்டை நீட்டியபோது நிமிர்ந்து முகத்தைப் பார்க்கவில்லை. "வரணும் மச்சான்" என்றான். கை நனைக்கணும் என்று அவன் வாயால் சொல்லவில்லைதான். சொல்ல வேண்டியதும் இல்லை. சபதம் எதைத் தொட்டுப் போட்டதோ அதைத் தொட்டுத்தான் அவிழ்க்க வேண்டும். முதல் பந்தி, முதல் இலை, மாமன் இலை. குருவையாவே பரிமாறுவான். எதிர்ப்பந்தியில் அத்தனை கண்ணும் இவன் கையைத்தான் பார்க்கும், கை வாய்க்குப் போகிறதா என்று பார்க்கும். பிசைந்துவிட்டு வைக்க முடியாது. மோரைக் குடித்துவிட்டு எழ முடியாது. எழுந்தான், மறுபடியும் எழுந்துட்டான் என்பார்கள். ஒரு கவளம். ஒரே ஒரு கவளம் உள்ளே போய்விட்டால் எட்டு வருஷம் முடிந்துவிடும். பந்திக்கு முந்து என்று எவன் சொல்லிவைத்தானோ, ஜென்மம் முழுக்க முந்தியவனுக்கு இப்போது பந்தியே படையாகத் தெரிகிறது.

அதனால்தான் ஒத்திகை பார்த்தான். இப்படி ஒரு காரியத்தை வேறு எந்த மடையனாவது செய்வானா என்று இப்போது தோன்றுகிறது, அப்போது அது எவ்வளவு பொறுப்பான வேலையாக இருந்தது. முந்தாநாள், தமயந்தி பள்ளிக்கூடம் போன பிறகு. பத்து நாளாகச் சோறு வேகிற வாசனையை மட்டும் தின்றுகொண்டிருந்தவன், அவளுக்கென்று வடித்து வைத்திருந்ததில் ஒரு கரண்டி எடுத்தான், ரசம் விட்டான், கூழாகிற வரைக்கும் பிசைந்தான். பசி என்று சத்தியமாக ஒன்றும் இல்லை. பசி சுரக்கிற பக்கத்தையே வெட்டி எடுத்துவிட்டதாக டாக்டர் சொல்லியிருந்தார், அது உண்மைதான், சோற்றைப் பார்த்தால் பழைய சிநேகிதனைத் தெருவில் பார்க்கிற மாதிரி இருந்தது, அவ்வளவுதான். பந்தியில் உட்காருகிற மாதிரியே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். கூச்சமாகக்கூட இருந்தது. ஒரு கவளம். மென்றான், மென்றான், முப்பது தரம் மென்றான், விழுங்கினான். நெஞ்சுக் குழியில் போய் நின்றது. நின்றேவிட்டது. வாய் முழுக்க எச்சில் நுரைநுரையாக வந்தது. சுவரைப் பிடித்து எழுந்து, தொட்டியில் துப்பித் துப்பி, கண்ணில் தண்ணீர் முட்ட, கால் மணி நேரம் அப்படியே நின்றான். பிறகு ஏதோ ஒன்று உள்ளே சட்டென்று விட்டுக்கொடுத்தது. வலி போய்விட்டது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தான். தட்டைக் கழுவிக் கவிழ்த்தும் வைத்தான். ஜெயித்தது யார், விட்டுக்கொடுத்தது எது என்று நேற்று சாயங்காலம்தான் யோசிக்க ஆரம்பித்தான். அது சோறு இறங்கியதா, தையல் விட்டதா. சோறு குழைந்துதான் இருந்தது, சோற்றின்மேல் குற்றமில்லை. ரசத்தில் ஒரு கடுகு கிடந்தது. அதை ஒதுக்கினோமா. ஒதுக்கியதாகத்தான் நினைப்பு. தட்டின் ஓரத்தில் கடுகைப் பார்த்த ஞாபகம் இருக்கிறது, ஆனால் கழுவும்போது பார்த்த ஞாபகம் இல்லை. கடுகு எங்கே போயிருக்கும். அத்தனூண்டு கடுகு, ஈரச் சுவரில், இரண்டு தையலுக்கு நடுவில்.

அருப்புக்கோட்டையைச் சுற்றிக்கொண்டு போகிற சாலையில் ஒரு பெட்ரோல் பங்கில் தமயந்தி நிறுத்தினாள். இறங்கி நடங்க, பத்து நிமிஷம். நடந்தான். கழிப்பறைக்குள் போய்ச் சட்டைப்பையிலிருந்து அதை எடுத்தான், கொரோனாக் காலத்தில் வாங்கிய, விரலைக் கவ்வுகிற மெஷின். காலையில் வீட்டில் நாடி நூற்றெட்டு. காரியாபட்டியில் அவள் பார்க்காதபோது நூற்றுப் பதினைந்து. இப்போது நூற்றுப் பத்தொன்பது. நூற்றிருபதைத் தாண்டவில்லை. டாக்டர் சொன்னது நூற்றிருபதைத் தாண்டினால். பத்தொன்பது பத்தொன்பதுதான். நடந்ததால் கூடியிருக்கும். நின்று, மூச்சைப் பிடித்து, மறுபடி பார்க்கப் போனவன், பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டான். சொல்லிவிடலாம். இப்போதே சொல்லிவிடலாம். வண்டி அடுத்த நிமிஷம் மதுரைக்குத் திரும்பிவிடும். கோயிலில் ஆசாரி உட்கார்ந்திருப்பார், பிள்ளை பட்டுப்பாவாடையில் உட்கார்ந்திருக்கும், மாமன் மறுபடி வரவில்லை. சரி, அதையும் சொல்லிப் புரியவைக்கலாம். புரியவைக்க முடியாதது வேறு ஒன்று. என்ன செஞ்சீங்க என்று தமயந்தி கேட்பாள். சோறு தின்னேன். உலகத்தில் எவனும் சொல்லக்கூடிய வார்த்தைதான் அது, அவனைத் தவிர. நூற்று நாற்பத்தெட்டுக் கிலோக்காரன் வயிற்றை வெட்டி எடுத்த பதினோராம் நாள் திருட்டுத்தனமாகச் சோறு தின்றான் என்றால், ஒத்திகை என்று எவன் நம்புவான். அவன் அம்மாவே உயிரோடிருந்தால் நம்ப மாட்டாள். அடக்க முடியலையா என்று தமயந்தி வாயால் கேட்க மாட்டாள், கேட்கிற சாதியில்லை அவள். ஆனால் ஒரு பார்வை பார்ப்பாள். கல்யாணமான பதினெட்டு வருஷத்தில் ஊரே பார்த்த அந்தப் பார்வையை அவள் ஒருத்திதான் பார்த்ததில்லை. அதைப் பார்க்கவைத்துவிடக் கூடாது. சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் என்பார்கள். இங்கே மென்றதுதான் வினை.

"தண்ணி," என்று அவள் மருந்து மூடியில் ஊற்றி நீட்டினாள். முப்பது மில்லி. அவன் உறிஞ்சினான். தண்ணீர் இறங்குகிற வழி முழுக்கத் தெரிந்தது, இடது பக்கம் ஓர் இடத்தில் சுரீர் என்றது. "நல்லாருக்கு," என்றான். மறுபடி ஏறினார்கள். வெளியே வெயில் வெள்ளையாக இருந்தது. சீமைக்கருவேல விறகைச் சுட்டுக் கரிமூட்டம் போடுகிற இடத்தில் புகை நேராக மேலே போனது. இன்னும் முக்கால் மணி நேரம். போய் இறங்கிவிடலாம், உட்கார்ந்து, மடி கொடுத்து, இப்போது மடி இருக்கிறது, பதினோரு கிலோ குறைந்ததில் ஒரு சாண் மடி வந்திருக்கிறது, பிள்ளை அழும், அழட்டும், குத்தி முடித்த கையோடு ஒரு கவளம், பிறகு தலை சுற்றுகிறது என்று சொல்லலாம். அதுவரை தாங்கு. யாரைப் பார்த்துச் சொல்கிறோம் என்று தெரியாமலே சொன்னான், தாங்கு, ஒரு மணி நேரம் தாங்கு. பல் லேசாகக் கிட்டியது. தாடையை இறுக்கிக்கொண்டான். பயமாக இருந்தது. சாவதற்குப் பயம் என்பதைவிட, கேலியாகச் சாவதற்குப் பயம். சோத்துக்கே செத்தான் என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள்.

பந்தல்குடி தாண்டியதும் தமயந்தியின் போன் அடித்தது. பேச்சி. அவள் பொத்தானை அமுக்கியதும் பேச்சியின் குரல் வண்டி முழுக்க நிறைந்தது.

"மதினி, எங்க வாரீக? ஆசாரி வந்து ஒக்காந்துட்டாரு."

"இருவது நிமிஷம் பேச்சி. ஸ்பீக்கர்ல இருக்கு. அண்ணன் கேக்குறாங்க."

அந்தப் பக்கம் மேளச் சத்தம் விலகிக்கொண்டே போனது. பிறகு, "அண்ணே," என்றாள். எட்டு வருஷம் கழித்து அந்த ஒரு சொல். "இனிமே என்னத்த மறைக்க. மதினி ஆப்பரேசன் அன்னைக்கே எனக்குப் போன் போட்டு அழுதாக. அதைக் கேட்டு இவரு ரெண்டு நா சோறு எறங்காமக் கெடந்தாரு. நான் பேசின பேச்சுதாம்புள்ள மச்சான் வகுத்த அறுத்துருச்சுன்னு. பெறகுதான் வெத்தலத் தட்டத் தூக்கிட்டு ஓடியாந்தாரு. நீங்க பந்திய நெனச்சுப் பயந்துக்கிட்டு வராதீக. நொய்க்கஞ்சி வச்சு, மேல் தண்ணிய மட்டும் வேட்டித்துணியில வடிச்சு வச்சிருக்கேன். ஒரு வெரலத் தொட்டு நாக்குல வச்சாப் போதும், கை நனச்சாச்சு. மச்சானச் சாப்பிடச் சொல்லி எவனாச்சும் வற்புறுத்துனா நான் எலைய விட்டு எந்திரிச்சிருவேன்னு இவரு சபையில சொல்லிப்புட்டாரு. கேக்குதாண்ணே?"

"கேக்குதுத்தா."

"இந்தா, ஒங்க மருமகளும் என்னமோ கேக்கணுமாம்."

ஒரு சின்ன மூச்சு போனில் உரசியது. "மாமா, வலிக்குமா?"

"வலிக்காதுடா கண்ணு," என்றான் தனுஷ்கோடி. "மாமன் வாறேன்ல."

போன் ஓய்ந்தது. ஒரு விரல். ஒரு விரல் கஞ்சித் தண்ணீர். பேச்சிக்கு முதல் நாளே தெரியும், குருவையாவுக்குத் தெரியும், சபைக்கே தெரியும். தெரியாதவன் அவன் ஒருத்தன்தான், சமையல்கட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து உயிரைக் கவளமாக உருட்டியவன். சிரிப்பு வந்தது. சிரித்தபோது இடது விலாவுக்குக் கீழே யாரோ கத்தியைத் திருகினார்கள். தமயந்திக்கு அது அழுகையாகத் தெரிந்திருக்க வேண்டும்.

"உங்ககிட்ட மறைச்சது தப்புதாங்க. சொன்னா வீம்புக்கு வரமாட்டேன்னு சொல்லிருவீங்கன்னு பயந்துட்டேன். கோயில் வாசல்ல வச்சுச் சொல்லலாம்னு இருந்தேன்," என்று சொல்லிக்கொண்டே ஒரு கையை எடுத்து அவன் கையைப் பிடித்தாள். பிடித்த கை சட்டென்று விலகியது. புறங்கையை அவன் கழுத்தில் வைத்தாள். வண்டி வேகம் குறைந்து, ஓரம் கட்டி, நின்றது.

"என்னங்க இது, இப்படிக் கொதிக்குது?"

அவன் கை தன்னை அறியாமல் சட்டைப்பைக்குப் போனது. அவள் அவன் சட்டைப்பையைத் தடவி அந்த மெஷினை எடுத்து அவன் விரலில் மாட்டினாள். நூற்று முப்பத்திரண்டு.

"தோள் வலிக்குதா?"

"வலிக்குது."

"எப்பருந்து?"

"நேத்துச் சாயங்காலத்துலருந்து."

"என்ன செஞ்சீங்க? என்னைப் பாத்துச் சொல்லுங்க, என்ன செஞ்சீங்க?"

"சோறு தின்னேன். முந்தாநாள். ஒரு கவளம்."

"ஏன்?"

காரணம் முழுசாக நாக்கில் இருந்தது. நேற்றிலிருந்து எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்து வைத்திருந்த காரணம், இப்போது நம்புவதற்கும் ஆள் இருக்கிறது. பேச்சியின் குரலைக் கேட்ட பிறகு இவள் ஒரு சொல் விடாமல் நம்புவாள். நம்பியவுடனே அவளுக்கு அடுத்தது விளங்கிவிடும். கோயில் வாசல் வரைக்கும் காத்திருக்காமல், பேச்சிக்குத் தெரியும் என்று முன்னமே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கவளம் இல்லை. அதற்குப் பிறகு அவள் எத்தனை வருஷம் இருந்தாலும், அவன் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்த ஒரு வார்த்தையோடுதான் இருப்பாள். ராத்திரியில் எழுந்து உட்கார்ந்து அதையே நினைப்பாள். அவன் அவள் முகத்தைப் பார்த்தான். மூக்கு நுனியில் வேர்வை நின்றது. நல்ல முகம்.

"பசிச்சுச்சு தமா," என்றான். "அடக்க முடியல."

அவள் பார்த்தாள். வந்துவிட்டது அந்தப் பார்வை, பதினெட்டு வருஷம் கழித்து, ஊர் பார்த்த அதே பார்வை, அதோடு சேர்ந்து ஆற்றாத கோபமும். அவன் தலையைக் குனியாமல் வாங்கிக்கொண்டான். கோபம்தானே, திட்டித் தீர்த்துக்கொள்வாள். மற்றது என்றால் தீராது. அவள் டாக்டர் நம்பரை அமுக்கி போனைக் காதில் இடுக்கிக்கொண்டு, இரண்டு பக்கமும் பார்த்து, வண்டியை மதுரைப் பக்கம் திருப்பினாள்.